வடலூர் கேட்டில் கேட்டது

நெய்வேலி டவுன்ஷிப், இருபத்தோராவது பிளாக்கில் யார் வண்டி வாங்கினாலும் எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார்கள். கலியமூர்த்தியைக் கூட்டிவந்து வண்டியில் உட்காரவைப்பார்கள். புது வண்டியோ பழைய வண்டியோ, காரோ லோடு ஆட்டோவோ, அவர் ஒரு சுற்று போய்வந்து தலையை ஆட்டினால்தான் வாங்குகிறவருக்கு மனசு ஆறும்.

அவர் மெக்கானிக் இல்லை. டிரைவரும் இல்லை. மைன்ஸில் பெல்ட் வேலை பார்த்தவர். சுரங்கத்தில் வெட்டுகிற மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு ஊர்விட்டு ஊர் போவதுபோல் ஓடும் ரப்பர் பெல்ட்டுக்கு அடியில், அதைத் தாங்கிச் சுற்றும் இரும்பு உருளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் ஒன்று பேரிங் போய் இறுகினாலும் பெல்ட் சூடேறும், கிழியும், சில சமயம் தீயும் பிடிக்கும். பெல்ட்டை ஒட்டி நடந்துகொண்டே, கெட்டுப்போகப் போகிற உருளை எது என்று காதாலேயே கண்டுபிடிப்பது கலியமூர்த்தியின் வேலை. சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். மாற்ற வேண்டிய உருளைக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவார். நன்றாக ஓடுகிறது, வீணாகக் கை வைத்துக் கெடுக்காதே என்று சொல்ல வேண்டிய இடத்தில் வட்டம் போடுவார். பின்னால் வருகிற மெயின்டனன்ஸ் ஆட்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பெருக்கல் என்றால் கழற்று, வட்டம் என்றால் நகர்ந்து போ.

அவர் போட்ட குறி தப்பியதில்லை என்று மைன்ஸில் எல்லோரும் சொன்னார்கள். கலியமூர்த்தியும் அதையேதான் சொல்வார், கொஞ்சம் அழுத்தமாக.

காதால் செய்கிற வேலை என்பதால், மற்றவர்கள் சத்தத்துக்கு மாட்டிக்கொள்ளும் காதுமூடியை அவர் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மூடிக்கொண்டால் உருளை பேசுவது எப்படிக் கேட்கும்? அப்படித் திறந்துவைத்த காதைப் பெல்ட்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஓய்வு பெற்று, மகனுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தபோது அவருடைய நிலைமை இதுதான்: அமைதியான இடத்தில் பேசினால் கேட்கும். ஃபேன் ஓடினால் பாதி போகும். இன்ஜின் ஓடினால் முழுவதும் போகும்.

ஆனால் வண்டி பார்க்க வரச்சொல்லி அழைப்பது மட்டும் நிற்கவில்லை. அவரும் நிறுத்தவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ஏறுவார். வெறுங்காலை வண்டியின் தரையில் பதித்து, உள்ளங்கையை டாஷ்போர்டில் வைத்துக்கொள்வார். இன்ஜின் ஒழுங்காகத் துடிக்கிறதா, எங்கேயாவது உதறுகிறதா என்பது பாதம் வழியாக ஏறிவரும். காதைவிடப் பாதம் மட்டம் இல்லை என்று அவருக்கு நம்பிக்கை. பேச்சு விஷயத்தில்தான் சிக்கல். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். தானே ஓயாமல் பேசுவார். அவரே பேசிக்கொண்டிருந்தால் யாரும் கேள்வி கேட்க இடமில்லை. அதையும் மீறி யாராவது கேட்டுவிட்டால், பின் சீட்டில் இருக்கும் மனைவி பட்டம்மாள் தோளில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை.

இந்த ஏற்பாடு அந்த இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மகன் பிரவின்குமாருக்குத் தெரியவே கூடாது என்பதில் கலியமூர்த்தி கறாராக இருந்தார். ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் வீட்டில் அவர் சொல்வது சொல்லாக இருக்காது. ‘அப்பா ஏதோ சொல்றாரு’ என்று ஆகிவிடும். வாழ்நாளில் அவருடைய பேச்சு அப்படி ஆனதில்லை.

2019-ஆம் வருஷம் ஆவணி மாதம் பிரவினே வண்டி வாங்கக் கிளம்பினான். அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட் வேலை. அவன் மனைவி விஜயகுமாரி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பிள்ளையோடு திரும்பும்போது சொந்த வண்டியில், குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து அழைத்துவர வேண்டும் என்பது அவன் ஆசை. எஸ்யூவி என்று முடிவு செய்திருந்தான். இரண்டு வண்டிகள் கடைசிவரை நின்றன. ஒன்று உயரமான டீசல் வண்டி. இன்னொன்று பெட்ரோலோடு சின்ன பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட்.

“நீங்க சொல்றதுதாம்பா. நீங்க எதுல காலு வைக்கிறீங்களோ அதைத்தான் புக் பண்றேன்” என்றான். காலைப் பற்றிச் சொன்னது தற்செயல்தான். இருந்தாலும் கலியமூர்த்தி சட்டென்று பட்டம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை டீசல் வண்டி வந்தது. பாதத்துக்கு அது விருந்து. தாளம் தப்பாத துடிப்பு. போய்வந்ததும் “பிரமாதம்” என்றார். பிரவினுக்கும் அதில்தான் கண். ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். இன்னொன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டால் மனசில் குறை இருக்காது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹைபிரிட் வண்டியை வீட்டுக்கே வரச்சொன்னார்கள்.

ஷோரூமிலிருந்து அதை எடுத்துவந்த பெண்ணின் பெயர் சத்யப்பிரியா. பண்ருட்டிக்காரி. கலியமூர்த்தி செருப்பைக் கழற்றுவதைப் பார்த்துப் பதறினாள்.

“செருப்போடவே ஏறலாம் சார், மேட் போட்டிருக்கு.”

அவள் எதிரே நின்று சொன்னதால் அவருக்குக் கேட்டது. “சாமியறைக்கும் வண்டிக்கும் செருப்பு ஆகாது பாப்பா” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறினார்.

அன்றைக்குப் பட்டம்மாளின் தங்கை பெரியநாயகியும் காடாம்புலியூரிலிருந்து ஒரு பலாப்பழத்தோடு வந்திருந்தாள். கார் பார்க்கப் போகிறார்கள் என்றதும் பழத்தை இறக்காமலே அவளும் ஏறிக்கொண்டாள்.

“ஏழு பேர் வண்டின்னு சொல்றோம். கடைசி சீட்டுல ஆள் உக்காந்து பார்த்தாத்தான் தெரியும்” என்றாள் சத்யப்பிரியா. “அம்மா கொஞ்சம் பின்னாடி உக்காந்து பாக்கறீங்களா?”

பட்டம்மாள் கணவரைப் பார்த்தாள். தோள் தட்டுகிற இடம் கைவிட்டுப் போகிறது. அவரோ கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டு, உள்ளங்கையை டாஷ்போர்டில் வைத்து ஆயத்தமாகிவிட்டார். வேறு வழியில்லாமல் அவள் நடு சீட்டை மடக்கச் சொல்லி, குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தாள். மூட்டை வைக்க இடமில்லாததால் பலாப்பழமும் அவளுக்குத் துணையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது. பெரியநாயகி அதற்கு சீட் பெல்ட் மாட்டினாள்.

“மாமா, பழத்துக்கும் பெல்ட் போட்டாச்சு. உங்க மைன்ஸ் பெல்ட்டு மாதிரி கிழியாதே இது?”

கலியமூர்த்தி திரும்பவில்லை. இன்ஜின் ஓட ஆரம்பித்திருந்தது.

பிளாக்கின் நேர் சாலைகளைத் தாண்டி ஆர்ச் கேட் வழியாகப் பெரிய ரோட்டில் ஏறி வடலூர்ப் பக்கம் திரும்பினார்கள். பிரவின் ஓட்டினான். நடு சீட்டில் பெரியநாயகியும் சத்யப்பிரியாவும். சத்யப்பிரியா தன் வேலையைச் சுத்தமாகச் செய்தாள். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பேட்டரி வாங்கிக்கொள்ளும், ஏறும்போது இன்ஜினுக்குக் கை கொடுக்கும், ஆனால் கரன்டில் மட்டும் ஓடாது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்றாள். முன்னால் சாய்ந்து இன்னொன்றும் சொன்னாள்.

“சார், வண்டி நின்னு நியூட்ரல்ல போட்டா இன்ஜின் தானா ஆஃப் ஆயிடும். கிளட்ச மிதிச்சா தானா ஸ்டார்ட் ஆயிடும். பயப்படாதீங்க.”

அவள் ஏதோ சொல்கிறாள் என்பது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது. தோளில் தட்ட ஆளில்லை.

“ஆமாமா, எல்லாம் தெரியும். எங்க மைன்ஸ்ல பாக்காத மெஷினா?” என்றார்.

பாதத்துக்கு இந்த வண்டி அவ்வளவாகப் பிடிபடவில்லை. டீசலைப் போல அடித்துப் பேசவில்லை, உள்ளுக்குள் முணுமுணுத்தது. மார்க் குறைக்க வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே வடலூர் ரயில்வே கேட் வந்தது. மூடியிருந்தது. பிரவின் வரிசையில் நிறுத்தி நியூட்ரலில் போட்டான்.

கலியமூர்த்தியின் பாதத்துக்கு அடியில் துடிப்பு நின்றது.

பெல்ட்டில் வேலை பார்த்தவனுக்குள் ஊறிப்போன பாடம் ஒன்று உண்டு. யாரும் நிறுத்தாமல் பெல்ட் நின்றால் எங்கேயோ கோளாறு, ஓடு, போய்ப் பார். அவருடைய கை கதவைத் திறந்தது. கால் இறங்கியது. “இன்ஜின் அடங்கிடுச்சு! பானட்டத் தொறடா!” என்று குரல் கொடுத்துக்கொண்டே முன்பக்கம் போனார். கதவு திறந்திருக்கிறது என்று வண்டி ‘பீப் பீப்’ என்று கத்தியது. வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

உச்சிவெயிலில் தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு வைத்ததும் அவருடைய வெறுங்கால் அதைச் சொல்லிவிட்டது. பானட்டைத் தட்டியபடியே ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினார். கேட் ஓரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“இன்னா பெரியவரே, செருப்பு வாங்க வேண்டிய காசுல காரு வாங்கிட்டியா?”

பிரவின் இறங்கி ஓடிவந்து அவரைப் பிடித்து உள்ளே ஏற்றினான். கதவைச் சாத்தியதும் பீப் சத்தம் நின்றது.

“ஏம்பா, வண்டிக்கு ஒண்ணும் ஆவல. நின்னா அதுவா ஆஃப் ஆவும். அந்தப் பொண்ணு இப்பத்தானே சொல்லிச்சி? நீங்களும் ஆமாமான்னு சொன்னீங்களே!”

மகனுடைய முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டதைக் கலியமூர்த்தி பார்த்தார். சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும். அவர் பாதங்களை ஒன்றோடு ஒன்று தேய்த்துக்கொண்டு, சொல்வதற்கு ஏதாவது பெரிய விஷயமாகத் தேடினார். முதல்முறையாக வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

இன்ஜின் நின்றிருந்ததால் வண்டிக்குள் சந்தடியில்லை. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. ஏசி காற்று சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து, பலாப்பழத்துக்குப் பக்கத்திலிருந்து, ஒரு குரல் கேட்டது. பட்டம்மாள் தங்கையிடம் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சிரிக்காதடி. அந்த மனுசனுக்குக் காது போயி நாலு வருசமாவுது. நாந்தான் தோள்ல தட்டித் தட்டிச் சமாளிச்சிகினு வர்றேன். போன வாரம் அந்த டீசல் வண்டியில என்னால காலத் தூக்கி வைக்கவே முடியலடி, அவ்ளோ ஒசரம். சொன்னேன். ‘ஆமாமா, பிரமாதம்’னுட்டாரு.”

“அடிப்பாவி, திரும்பச் சொல்றதுதானே?”

“எப்டிச் சொல்றது? அழுத்திச் சொன்னா, இவருக்குக் காது கேக்கலன்னு பிரவினுக்குத் தெரிஞ்சிடும். அதான் வாய மூடிகினேன். அந்த வண்டியே வந்தாலும் ஒரு முக்காலி போட்டு ஏறிக்கிறேன், போ.”

கலியமூர்த்தி திரும்பாமலே பேசினார்.

“முக்காலியத் தூக்கிகினு எவன் கூட வருவான்?”

பெரியநாயகிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“மாமா! அக்கா சொன்னது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“எங்க உக்காந்துகினு சொன்னது, எங்க கேட்டுச்சு?”

“கேட்டுல கேட்டுச்சு” என்றார் கலியமூர்த்தி.

சத்யப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியநாயகிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவள் சிரித்த சிரிப்பில் பலாப்பழம் குலுங்கியது. பட்டம்மாள் மட்டும் “அய்யய்யோ” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஏசிக்காக இன்ஜின் தானாகவே ஓட ஆரம்பித்தது. அவ்வளவுதான். பின்னால் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. கலியமூர்த்தி பாதத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். துடிப்பு இருந்தது. துடிப்பு நின்றபோதுதான் பட்டம்மாள் பேச்சு கேட்டது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். தடதடவென்று கூட்ஸ் வண்டி கடந்து போயிற்று, கேட் திறந்தது. கேட்டைத் தாண்டி ஓர் ஆலமரத்தடி வந்ததும் மகனுடைய முழங்கையைத் தொட்டார்.

“ஓரமா நிறுத்துடா. ஒரு டெஸ்ட் பாக்கணும்.”

நிறுத்தினான். இன்ஜின் அடங்கியது.

“பட்டு, எதனா பேசு.”

“இன்னாத்தப் பேசறது?”

“கேக்குது. டேய், கிளட்ச மிதி.” இன்ஜின் ஓடியது. “பட்டு, இப்ப பேசு.” அவளுடைய வாய் அசைந்தது. ஒன்றும் வரவில்லை. “சரி, காலை எடு.” அடங்கியது. “இப்ப?”

“அந்தப் பிள்ளய ஏங்க இப்டிப் பாடாப் படுத்தறீங்கன்னு கேட்டேன்!”

உருளைக்கு உருளை நின்று கேட்ட அதே பொறுமையோடு மறுபடியும் ஒரு முறை செய்து பார்த்தார். சந்தேகமில்லை என்று ஆனபிறகு மகன் பக்கம் திரும்பி, ஷிஃப்ட் முடிந்து ரிப்போர்ட் கொடுப்பதுபோலச் சொன்னார்.

“எனக்கு இன்ஜின் ஓடும்போது மனுசப் பேச்சு வெளங்கறதில்ல. நின்னா வெளங்குது. கொஞ்ச நாளா இப்டித்தான். வண்டிய நான் காதால பாக்கல, காலால பாக்கறேன். இதுவரைக்கும் பாத்த வண்டி எதுவும் தப்பாப் போவல. ஆனா உங்கம்மா சொன்னதக் காலால கேக்க முடியல. அதனால டீசலு தப்பு. அதுக்குப் பெருக்கல் போட்டுடு.”

பிரவின் ஸ்டீயரிங்கை விட்டு அப்பா பக்கம் திரும்பினான். “என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா” என்றான்.

“சொல்லியிருந்தா இந்த வண்டியப் பாக்க என்னைக் கூப்ட்டிருப்பியா?”

பிரவின் சிரித்துவிட்டான். “யாரக் கூப்புடுவேன்? எதிர்வூட்டு துரைராஜ் மாமாவையா? அவரு ஸ்கூட்டர் இன்னும் தள்ளிவிட்டாத்தான் ஓடுது.”

அப்புறம்தான் வண்டியை உண்மையில் பார்த்தார்கள். பட்டம்மாளைக் கடைசி வரிசையிலிருந்து இறக்கி, எல்லா சீட்டிலும் ஏறி இறங்கச் சொன்னார் கலியமூர்த்தி. இதன் படி டீசலைவிடத் தணிவு. முன் சீட்டில் அவள் முட்டியைப் பிடிக்காமலே உட்கார்ந்தாள். கடைசி வரிசைக்குப் பெரியநாயகி போய், தலை சுற்றுகிறது, பழத்துக்குத்தான் அந்த சீட் லாயக்கு என்று தீர்ப்புச் சொன்னாள். சத்யப்பிரியா அதை மறுக்கவில்லை. “பெரியவங்க தூரமா போறப்ப பின்னாடி உக்கார வைக்காதீங்க” என்றாள். நெடுஞ்சாலையில் பெட்ரோல் பெரிதாக மிச்சமாகாது, நின்று நின்று போகிற டவுன் ரோட்டில்தான் தெரியும் என்பதையும் கேட்காமலே சொன்னாள். நின்றிருக்கும்போது ஏசியின் குளிர்ச்சி குறையும். அதிகம் குறைந்தால் இன்ஜின் தானே ஓடத் தொடங்கிவிடும்.

“இந்தத் தானா நிக்கிறது பிடிக்கலன்னா ஒரு சுவிட்ச் இருக்கு, அமுக்கிட்டா நிக்காது. நிறைய பேர் அப்படித்தான் ஓட்டறாங்க” என்று டாஷ்போர்டில் காட்டினாள்.

“ஆமாப்பா, என் ஃபிரண்டுங்களும் அதத்தான் சொன்னாங்க. மொத வேலையா அத அமுக்கிடுன்னு” என்றான் பிரவின்.

இன்ஜின் நின்றிருந்தது, கலியமூர்த்திக்குத் தெளிவாகக் கேட்டது. சட்டைப்பையில் கையை விட்டார். ஓய்வுபெற்ற பிறகும் அங்கே ஒரு சாக்பீஸ் துண்டு இருந்தது. குனிந்து அந்த சுவிட்சைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“சார், டெஸ்ட் டிரைவ் வண்டி சார்!” என்றாள் சத்யப்பிரியா.

“தொடச்சிக்கலாம் பாப்பா. எங்க வண்டி வரட்டும், பெயின்ட்டாலயே போடறேன்.”

பெயின்டால் போடப் பிரவின் விடவில்லை. வண்டி வந்த அன்றைக்குச் சாக்பீஸால் போட்டார். அழிய அழிய அவரே புதுப்பித்தார். பிரவின் ஒரு தடவைகூட அந்த சுவிட்சைத் தொடவில்லை. அந்த வீட்டில் புதிதாக ஒரு வழக்கம் வந்தது. வண்டியில் போகும்போது அப்பாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு கேட்டிலும் சிக்னலிலும் சொன்னார்கள். கேட் போட்டால் ஊரே முகம் சுளிக்கும், இந்த வண்டியில் மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்று துரைராஜ் கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தார். சொல்லிவிட்டு, தான் வாங்கப்போகிற புது ஸ்கூட்டரைப் பார்க்கக் கலியமூர்த்தியைத்தான் கூப்பிட்டார்.

“காது கேக்காதுன்னு தெரிஞ்சும் கூப்புடுற?” என்றார் கலியமூர்த்தி.

“உன் காத எவன் கேட்டான்? கால எடுத்துகினு வா.”

அவரும் போனார். ஸ்கூட்டரின் பின் சக்கரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார். துரைராஜ் அதை வாங்கவில்லை.

விஜயகுமாரியையும் குழந்தையையும் அழைத்துவரப் போன நாள் குள்ளஞ்சாவடி வழியாகத் திரும்பினார்கள். பட்டம்மாள் முன் சீட்டில். கலியமூர்த்தி நடு சீட்டில், மருமகளுக்கும் குழந்தைக்கும் பக்கத்தில். பொதிந்த துணிக்குள் குழந்தையின் வாய் அசைவது தெரிந்தது. அழுகிறதா, கொட்டாவி விடுகிறதா, அவருக்குத் தெரியவில்லை. வடலூர் வந்ததும் டவுன்ஷிப்புக்குத் திரும்பப்போன மகனின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, கேட் பக்கம் கை காட்டினார்.

போனார்கள். கேட் திறந்து கிடந்தது. கண்ணுக்கெட்டிய வரை ரயில் இல்லை.

“தெறந்துதானே கெடக்குதுப்பா?”

“பரவால்ல. ஓரமா நிறுத்து.”

பிரவின் நிறுத்தினான். இன்ஜின் அடங்கியது. சன்னமாக, ஆனால் விடாமல், ஒரு புது அழுகை வண்டி முழுவதும் நிறைந்தது. கலியமூர்த்தி தலையைச் சாய்த்து, கெட்ட உருளையையும் நல்ல உருளையையும் பிரித்துப் பார்க்கும் அந்தப் பழைய முகத்தோடு கேட்டார்.

“நல்ல சத்தம்” என்றார். “ஒரு கொறையும் இல்ல.”